அறுபத்துநாலாவது வரி

லெப்டொப்பைப் போட்டு நாலு நிமிடமாகிவிட்டது. திரை இன்னும் கறுப்புத்தான்.

"சாமான் மௌத்தாப் போயிட்டா தம்பி?" என்று காதியார் கேட்டார். எங்கள் ஆட்களின் கலியாண வழக்குகளைத் தீர்க்கிறவர் அவர்.

இல்லை, அதற்குப் பத்து நிமிடம் வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

எட்டு வருடப் பழசு. மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. மூடி ஒரு பக்கம் கழன்று ரப்பர் பட்டியில் நிற்கிறது. பற்றரி எப்போதோ போய்விட்டது, வயரைச் சொருகினால்தான் உயிர். எந்த நாள் திறந்தாலும் இன்றைக்கு 2001 ஜனவரி முதலாம் திகதி என்று அடம்பிடிக்கும். காற்றாடி நெல்லு மில் போலச் சத்தம் போடும். வரும் வழியில் சோதனைச் சாவடிச் சிப்பாய் இதைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். யுத்தம் முடிந்து இரண்டு மாதம், அவர்களுக்கும் இப்போது சிரிக்க முடிகிறது.

சிரிக்கட்டும். சாய்ந்தமருதில் என் போட்டோக்கொப்பிக் கடைக்கு அக்கம்பக்கத்தில் புத்தம் புதிதாக வாங்கியவை எத்தனையோ படுத்துவிட்டன. இது ஓடுகிறது. சுனாமியில் கடல் கூரைக்கு வந்த நாளில் நான் தலையில் வைத்துக் காப்பாற்றிய ஒரே சாமான் இது.

இன்றைக்கு மட்டும் ஓடாமல் போனால் நல்லது என்று ஒரு மனம். ஓடாமல் போனால் அந்தப் பிள்ளையின் கதி என்ன என்று இன்னொரு மனம். கதிரையில் ஒழுங்காக இருக்க முடியவில்லை.

அந்தப் பிள்ளை, ஸம்ஸியா, எதிர் வாங்கில் தலைமூடியை இழுத்துப் பிடித்தபடி இருந்தாள்.

அவளைக் கட்டின மாப்பிள்ளை ஹாதிக் கடற்தொழில் செய்தவர். சுனாமியன்று காலை தோணியைப் பார்க்கக் கரைக்குப் போனார். அதோடு சரி. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

நாலரை வருடம் பொறுத்துவிட்டாள். மருதமுனையில் ஒரு நல்ல மனிதர் பெண் கேட்டிருக்கிறார். காதியாரும் சம்மதிக்கும் நேரத்தில் யுத்தம் முடிந்தது. வடக்கு முகாம்களிலிருந்து, இறந்துவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் திரும்பி வருவதாக ஊரெல்லாம் கதை. என் மகனும் அங்கே இருப்பான் என்று ஸம்ஸியாவின் மாமி ஒற்றைக் காலில் நின்றார்.

ஹாதிக்கின் மௌத்துக்கு அத்தாட்சி இருந்தால் கலியாணத்தை முடித்து வைப்பேன், இல்லாவிட்டால் இன்னும் காத்திருக்கத்தான் வேண்டும் என்று காதியார் சொல்லிவிட்டார். எவ்வளவு காலம் என்று அவரும் சொல்லவில்லை.

அத்தாட்சி என்றால் இந்த லெப்டொப்தான். எங்கள் பெண்கள் மையவாடிக்கு வருவதில்லை. அந்த நாட்களில் ஆண்கள்தான் குழி தோண்டினோம், அடக்கினோம். அடக்குமுன் ஒவ்வொரு மய்யித்தின் அடையாளத்தையும் நான் இதில் தட்டினேன், பின்னால் வீட்டார் வந்து கேட்டால் சொல்வதற்காக.

"கடதாசியென்டா நினைச்ச நேரம் எழுதலாம். இது அன்டைக்கு மெசின்ல ஏத்தினது, மாறாது" என்றார் காதியார்.

நான் வயரை இன்னொருதரம் அழுத்திச் சொருகினேன்.

திரை விழித்தது. விளக்கு ஒருதரம் மங்கியது, கரண்ட் போகப்போகிறது என்று நினைத்தேன். போகவில்லை. பட்டியலைத் திறந்து, கடைசி வரிக்குப் போய், அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

காதியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

அறுபத்துநாலு. ஆண். வயது முப்பது அளவு. நீலக் கட்டச் சாரன். வலது முழங்காலுக்குக் கீழே பிறை போல ஒரு தழும்பு.

"மகள், உங்கட மாப்புளக்கி இந்த அடையாளம் இரிந்ததா?"

காற்றாடி மட்டும் இரைந்தது.

உண்மையில் அந்தப் பட்டியல் அறுபத்துமூன்றோடு முடிகிறது. இரண்டாம் நாள் பகலில் பற்றரி தீர்ந்தது. ஊரில் கரண்ட் இல்லை. பேனாவை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. கை அலுத்துப் போயிருந்தது. அதற்குப் பிறகு எத்தனை பேரை எழுதாமல் அடக்கினோம் என்று எனக்குத் தெரியாது. ஹாதிக் அவர்களில் ஒருவராக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நாலரை வருடமாக அந்த வெட்கம் என்னை விடவில்லை.

அறுபத்துநாலை நேற்று முன்தினம் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, கடைக் கதவைச் சாத்திவிட்டு எழுதினேன். நீலக் கட்டச் சாரன் ஊரில் பாதிப் பேர் உடுப்பது. உடம்பில் ஓர் அடையாளமாவது வேண்டும் என்று காதியார் கேட்பார். ஹாதிக்கின் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை. என் சாரனைத் தூக்கி, என் காலைப் பார்த்து எழுதினேன்.

ஸம்ஸியாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம் என்னோடு போகட்டும் என்று பெரிய மனிதன் மாதிரி நினைத்துக்கொண்டேன். இப்போது அவள் இல்லையென்று தலையாட்டினால் அவளுக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்தவன் நான்தான். அந்த மடத்தனம் அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் நெற்றி வேர்வையை, நிலத்தில் நில்லாமல் ஆடிக்கொண்டிருந்த என் காலை, மறுபடி என் முகத்தை.

"ஓம் காதியார், அவருதான்" என்றாள். "கலியாணம் முடிச்ச வருசம் தோணி தள்ளக்குள்ள பட்ட காயம். நான்தான் மருந்து கட்டின."