தாளம் போடாதீங்கோ

"சாண்ட்விச்சா?" டப்பாவைத் திறந்து பார்த்த ராஜாராமனின் முகம் விழுந்துவிட்டது. "புளியோதரை பண்ணலையா?"

"மெதுவாப் பேசுங்கோ. வரப்போற சம்பந்தி முன்னாடி புளியோதரையும் தூக்குச்சட்டியுமாவா உட்காரறது?" என்றாள் வத்சலா.

டெல்லி மயூர் விஹாரிலிருந்து கிளம்பி வந்து, நேரு பார்க் புல்வெளியில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். மேடையில் வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ரா. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். அழைத்தது மிஸஸ் மெஹ்ரா. வத்சலாவின் மகள் அபிராமி விரும்பும் பையனின் அம்மா.

நிச்சயதார்த்தம் இன்னும் ஆகவில்லை. இந்த மதராசிகளுக்கு நாசூக்கு போதாது என்று மிஸஸ் மெஹ்ரா நினைத்துவிட்டால்? புளியோதரையை வீட்டோடு நிறுத்திவிடலாம். வயிற்றில் கரைகிற புளியை என்ன செய்வது?

போதாக்குறைக்குப் பக்கத்து விரிப்பில் ஒரு தமிழ்த் தம்பதி. அவருக்கு நெற்றி நிறைய திருநீறு. அந்த அம்மாள் மடியில் தூக்குச்சட்டி. அதிலிருந்து வந்த வாசனையில் ராஜாராமனின் மூக்கு அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் நகர்ந்துக்கறேளா?" என்று வத்சலா கேட்டாள்.

அந்த அம்மாள் திரும்பக்கூட இல்லை. மறுபக்கம் பையை வைத்துக்கொண்டிருந்த அவள் கணவர்தான் அதைக் கவனித்து, பதறி எழுந்து விரிப்பை இழுத்துக்கொண்டார்.

"ராங்கியைப் பாருங்கோ" என்று ராஜாராமனின் காதைக் கடித்தாள் வத்சலா.

வாத்தியங்கள் ஆரம்பித்தன. பக்கத்து விரிப்புக்காரர் மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையை விரித்து, அதில் விரலால் தட்டத் தொடங்கினார். வயலின் இழைந்தபோது மெல்ல. டிரம் அதிர்ந்தபோது பட்பட்டென்று. அந்த அம்மாள் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மிஸஸ் மெஹ்ரா குனிந்து, "வத்சலாஜி, அந்த அங்கிள் என்ன செய்கிறார்?" என்று இந்தியில் கேட்டாள்.

சும்மாதான் கேட்டாள். வத்சலாவுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் விரலும் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். சட்டென்று கையை மூடிக்கொண்டாள்.

அதோடு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"மாமா!"

தமிழ்க் குரல் கேட்டதும் அவர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார். "அட, நம்ம ஊரா? புளிச்சோறு கொஞ்சம்..."

"அதெல்லாம் வேண்டாம். இது சபா இல்லை மாமா. இங்கெல்லாம் தாளம் போடப்படாது. இந்த வயசுல கையைப் பிடிச்சுண்டு வேற. சுத்தி இருக்கறவா நம்மளப் பத்தி என்ன நினைப்பா?"

சிரிப்பு அப்படியே வாடியது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவியைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றார்.

மனைவியின் கையை மெதுவாக அவள் மடியிலேயே திருப்பி வைத்தார். தன் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"சாரிஜி, சில பேருக்கு மேனர்ஸ் தெரியறதில்லை" என்று வத்சலா இந்தியில் சொன்னாள்.

மிஸஸ் மெஹ்ரா "அச்சா" என்றாள். அவ்வளவுதான். ராஜாராமன் சாண்ட்விச்சைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டோமோ என்று வத்சலாவுக்கே நெஞ்சில் உறுத்தியது.

மேடையில் இசை ஏறிக்கொண்டே போனது. வயலின்கள், எக்காளங்கள், ஆள் உயர டிரம்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முழங்கின. உட்கார்ந்திருந்த தரையே அதிர்ந்தது.

அந்த அம்மாள் கண்ணைத் திறந்தாள். வெறும் உள்ளங்கையைப் பார்த்தாள். கணவரின் தோளை உலுக்கினாள்.

"ஏங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" அத்தனை முழக்கத்தையும் மீறி, நாலு விரிப்புத் தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கேட்டாள். "அதுக்குள்ள கச்சேரி முடிஞ்சிடுச்சா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். பிறகு, அனுமதி கேட்பவர்போல வத்சலாவைப் பார்த்தார்.