மனுதாரர்

"மாசம் பத்தாயிரம் கேக்குறாரும்மா உங்கப்பா" என்றார், பெற்றோர் பராமரிப்பு வழக்கை விசாரித்த கோட்டாட்சியர்.

எதிர் நாற்காலியில் கருணாகரன் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஷண்முகப்ரியா அவரைக் கடைசியாகப் பார்த்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தாள். இப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது.

விவாகரத்து ஆனபோது ஏழு வயது. தி.நகர் ஜவுளிக்கடையில் சூப்பர்வைசராக இருந்த அப்பா, வடபழனியில் இன்னொரு குடும்பத்தோடு இருந்தார். மாதம் ஆயிரத்து ஐநூறு ஜீவனாம்சம் என்றது கோர்ட்.

இரண்டு மாதம் வந்தது.

அதன்பிறகு அம்மா பேச்சியம்மாள் பதினோரு வருடம் மனு கொடுத்துக்கொண்டே இருந்தாள். மற்ற நேரத்தில் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்தாள். மயிலாப்பூரில் ஒற்றை அறை.

என்ஜினீயரிங் சீட் கிடைத்தும் ப்ரியா சேரவில்லை. அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போட உட்கார்ந்தாள். இன்றும் அங்கேதான். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் அப்பா எங்கே என்று கேட்டார்கள். பிறகு வரவில்லை.

வடபழனிக்காரர்கள் போன வருடம் அவரை அனுப்பிவிட்டார்களாம். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கியிருக்கிறார்.

என்னென்னவோ கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்திருந்தாள். கிளம்பும்போது அம்மா, சண்டை போடாமல் பேசு என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"ஆறாயிரம் தரேன் சார். இவரை மாதிரி பாதியில நிறுத்த மாட்டேன்."



குமாஸ்தா கோப்பைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோனதால், அப்பா இடது கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதித்தார்.

அவளுக்குச் சம்மன் மட்டும்தான் வந்திருந்தது. மனுவை இப்போதுதான் பார்த்தாள்.

முழு வெள்ளைத்தாளில் இரண்டு பக்கம், நீல மை. இந்த மாதிரித் தாள்களை ஜெராக்ஸ் எடுக்க எத்தனையோ முறை கடைக்கு ஓடியிருக்கிறாள். எழுத்துகளை அடையாளம் காண ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாவது வரியில், 'எனக்கும் என் மகளுக்கும் ஒருவேளைச் சாப்பாட்டுக்கே வழியில்லை' என்று எழுதிவிட்டு, 'என் மகளுக்கும்' என்பதை மட்டும் அம்மா கோடு போட்டு அடித்திருந்தாள்.