வெடிக்காத பீரங்கி

ஜெசிந்தாவும் அவள் முகம் பார்த்திராத சேந்தனும் கைப்பேசியில் மாறி மாறி ஒரு கதை எழுதுகிறார்கள். பாத்திரத்தின் பெயரைப் போட்டுத்தான் வரியைத் தொடங்க வேண்டும். அவன் தளபதி, அவள் இளவரசி. அவளுக்கோ கோட்டையில் ஒருமுறைகூட வெடிக்காத பீரங்கியாக இருக்க ஆசை. “நான் பீரங்கியா வரட்டுமா?” என்று தட்டுவாள், சிரிப்பானோ என்று அழித்துவிடுவாள். பிறகு இளவரசி வழக்கம்போல் பீரங்கியில் சாய்ந்து நிற்பாள்.

இன்று சேந்தன் எழுதினான்: “தளபதி: பீரங்கி வாயில காது வைக்கிறேன். உள்ள யாரு? ரொம்ப நாளா மூச்சுச் சத்தம் கேக்குது.”

‘இளவரசி’ என்று தட்டியிருந்ததை ஜெசிந்தா அழித்தாள். ‘பீரங்கி:’ என்று தட்டினாள். அதற்குமேல் விரல் நகரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டாள்.

“தளபதி: காதை இன்னும் எடுக்கல.”