முதல் வரி, முதல் பெயர்

போரில் செத்துப்போன கூத்தையா, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ரெண்டாவது வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பார்த்த பஞ்சாயத்துத் தலைவர் குருநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே என்ன? பர்மாச் சண்டையில் போன ஆறு பேருக்கு நாற்பத்தாறில் ஊரே சேர்ந்து கல் நட்டது. மறுவருஷம் இந்த மனுஷன் குத்துக்கல்லாட்டம் உச்சிப்புளி ஸ்டேஷனில் வந்து இறங்கினார். ஏழு வருஷம் ஓடிவிட்டது. கல்லிலிருந்து பெயரை எடுக்கலாம் என்றால் விடமாட்டேன் என்கிறார்.

திங்கட்கிழமை கலெக்டர் மாலை போட வருகிறார். செத்தவரே முன்வரிசையில் நின்று கை தட்டினால் ஊர் மானம் என்ன ஆகும் என்று குருநாதன் கெஞ்சிப் பார்த்தார்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு, கூத்தையா டீயை உறிஞ்சினார்.

வெள்ளிக்கிழமை காலை, கொத்தனார் சோணைமுத்துவை உளியோடு கூட்டிக்கொண்டு போனார் குருநாதன். கூத்தையா முந்திக்கொண்டு வந்து கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேருக்கு அலையிற ஆளு என்று குருநாதன் வாய்விட்டே திட்டினார். கூத்தையா காதில் வாங்கவே இல்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூரத்தில் வெள்ளைத் துப்பட்டி தெரிந்ததும் சட்டென்று எழுந்து ஒதுங்கினார்.

நஃபீசா உம்மா. அவருடைய ஒரே மகன் ஹமீது சுல்தானும் பர்மாவில் போனவன்தான். அவனை அடக்கிய கபுரு எங்கே என்றுகூடத் தெரியாது. முதல் வரியில் வலது பக்கப் பெயரைத் துப்பட்டி நுனியால் துடைத்தார். அதன்மேல் விரல் வைத்துத் துஆ ஓதினார்.

குருநாதன் எட்டிப் பார்த்தார். வரிக்கு ரெண்டு பெயர். ஹமீது சுல்தான் இடது பக்கம். உம்மாவின் விரல் இருந்ததோ கூத்தையாவின் பெயர்மேல்.

"உம்மா, அது யாரு பேரு?"

"எம்புள்ள பேருதான் தம்பி. மொத வரியில மொதப் பேருன்னு சொன்னாக. நமக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அரபு எழுத்துதான் ஓதத் தெரியும். இதுல கைய வச்சா அவன் கையப் பிடிச்ச மாதிரியே இருக்கு."

அரபு வலமிருந்து தொடங்கும். குருநாதனுக்கு உறைத்தது. வாயைத் திறக்கப் போனவரின் கையைக் கூத்தையா இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

உம்மா போனபிறகு, என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே என்று குருநாதன் கேட்டார்.

"ஒருத்தர்ட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும். இம்புட்டு நாளும் வேற பேரைத் தடவிருக்கோம்னு தெரிஞ்சா அவுக மனசு தாங்குமா?"

குருநாதன் கொத்தனார் பக்கம் திரும்பினார்.

"அண்ணன் பேரைச் செதுக்கி எடுத்துட்டு, அங்கன ஹமீது சுல்தான்னு வெட்டுப்பா. உம்மா கேட்டா, எழுத்து தேஞ்சிருச்சு, புதுப்பிச்சோம்னு சொல்லிக்குவோம்."

"இடது பக்கமும் அதே பேரு இருக்கே தலைவரே, அதை எடுத்துரவா?"

"வேணாம். எந்தப் பக்கமிருந்து படிச்சாலும் அந்தப் புள்ளதான் மொதல்ல வரணும்."