யாரு சிபாரிசும்மா?

பெல்கிரேடின் அந்தப் பெரிய கம்பெனியில் நெவேனா பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே, மூத்த அலுவலர் போர்க்கா காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

“யாரு சிபாரிசும்மா நீ?”

“யாரும் இல்லீங்க. காலேஜ்ல அனுப்புனாங்க.”

போர்க்காவுக்கு வியர்த்துவிட்டது. சிபாரிசு இல்லாமல் அந்த வாசலைப் பூனைகூட மிதித்ததில்லை. அவளே மேயரின் ஒன்றுவிட்ட தங்கை.

“பேரையே சொல்லக்கூடாத அளவுக்குப் பெரிய இடம் போல,” என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கிசுகிசுத்தாள்.

மறுநாள் நெவேனாவுக்கு ஜன்னலோர மேஜை கிடைத்தது. வேலைதான் கிடைக்கவில்லை. கேட்டால், “எங்கள சோதிக்காதம்மா,” என்றார்கள். மூன்றாம் வாரம் மேனேஜர் அவளிடம் வந்து லீவு கேட்டார்.

கடைசி நாளும் வந்தது. பயிற்சி அறிக்கையில் எழுத ஒரு வரி இல்லை. கல்லூரியில் நிச்சயம் ஃபெயில்தான். நெவேனா நேரே டைரக்டர் ராத்தோமிரின் அறைக்குள் போய்விட்டாள்.

“சார், எனக்கு யார் சிபாரிசும் கிடையாது. எங்கப்பா டிராம் ஓட்டுறார். சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க. ரெண்டு மாசமா ஒரு வேலையும் குடுக்கல.”

ராத்தோமிர் கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அதையே சொல்லிக்கிட்டு இரு. முப்பது வருஷம் முன்னாடி நானும் இங்க பயிற்சிக்குத்தான் வந்தேன். இதே கேள்விதான் கேட்டாங்க, இதே பதிலத்தான் சொன்னேன். எங்கப்பா ரொட்டிக் கடையில மாவு பிசைஞ்சவர்.”



“அப்புறம் எப்ப சார் உங்களுக்குச் செய்ய வேலை குடுத்தாங்க?”

“இன்னும் குடுக்கலம்மா.”