ஊட்டுக்கு ஒரு டிவிடி

“இது வேண்டாஞ் சாமி. எல்லாத்தையும் மறுபடியும் போட்டுக் குடுத்துரு.”

பொன்னம்மாள் இப்படிச் சொல்வாள் என்று சந்தோஷ்குமார் நினைக்கவே இல்லை. செம்மேட்டில் ஸ்டுடியோ திறந்த நாளிலிருந்து எந்த வேலையையும் அவன் இவ்வளவு ஆசையாகச் செய்ததில்லை. மேசை மேல் டிவிடிகள் இரண்டு அடுக்காக நின்றன. ஒவ்வொன்றிலும் வட்ட லேபிள், ஒரு சின்னக் குமிழிகூட இல்லாமல் ஒட்டியிருந்தது. லேபிளில் பச்சைப் புடவையில் சிரிக்கும் கல்யாணப் பெண். அவளுக்குக் கீழே தங்க நிறத்தில் ‘ராதிகா’ என்ற பெயர்.

“லேபிள்ல ஏதாச்சும் தப்புங்களாம்மா?”

“லேபிளு அம்சமா இருக்குது. படந்தான் சரியில்ல. கை எங்க?”

சுவரோரம் இருந்த டிவியில் ராதிகாவின் முகம் திரை நிறையத் தெரிந்தது. கூடவே நாதஸ்வரம்.

பொன்னம்மாளின் மகன் சதீஷ்குமாருக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண்ணுக்கு மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி. அவளை மகன் செல்போனில் எடுத்த வீடியோப் படத்தை பொன்னம்மாள்தான் மெமரி கார்டில் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகையோடு ஊரில் வீட்டுக்கு ஒரு டிவிடி கொடுக்க வேண்டுமாம். தேவனூர் நாடு என்ற மலைப்பகுதியில் இருக்கும் அவர்கள் ஊரில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. டிவியும் டிவிடி பிளேயரும் எல்லார் வீட்டிலும் உண்டு.

படத்தில் ராதிகா வேப்பமரத்தடியில் நின்று, விரல்களை மடக்கியும் விரித்தும், நெற்றியையும் நெஞ்சையும் தொட்டும் கைகளை அசைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் கோழி கூவியது. அவ்வளவுதான் சத்தம். பெண் நாட்டியம் ஆடுகிறாள், பாட்டைச் சேர்க்க மறந்துவிட்டார்கள் என்று முடிவுசெய்த சந்தோஷ்குமார், தானாகவே நாதஸ்வரத்தைச் சேர்த்து, முகத்தையும் கிட்டத்தில் கொண்டுவந்திருந்தான்.

“பொண்ணு முகம் நல்லாத் தெரியட்டுமுன்னுதானுங்கம்மா அப்படிப் பண்ணுனேன். எல்லாரும் அதைத்தானுங்க பார்ப்பாங்க?”

“முகத்தை மணவறையில பார்த்துக்கட்டும். எனக்குக் கை தெரியோணும். ஒவ்வொரு வெரலும் தெரியோணும்.”

பாஸ்போர்ட் போட்டோ வாங்க வந்து உட்கார்ந்திருந்த சின்னக்கண்ணு சிரித்தார். அவரும் பொன்னம்மாளின் ஊர்தான்.

“ஏம்மா பொன்னம்மா, ஊருல வேற யாருக்கும் மருமவ வரலியா? தாலி ஏறுறதுக்கு முந்தியே டிவியில ஆட வெச்சு, ஊடு ஊடாக் காட்டோணுமா?”

“காட்டுவனுங்கண்ணா. எம் மருமவ பெருமைய நாங் காட்டாம வேற யாரு காட்டுவாங்க? உங்க ஊட்டுக்கும் ஒண்ணு வருமுங்க. ஒருக்காப் பார்த்துப்போட்டு மூலையில வெச்சராதீங்க. தெனமும் போட்டுப் பாருங்க.”

“தெனமுமா!”

சின்னக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டு, போட்டோவை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தபடி வெளியே போனார். வாசல் தாண்டியும் அவர் சிரிப்புக் கேட்டது.

சந்தோஷ்குமாருக்கு மனம் சுணங்கியது. “எழுதுன டிஸ்க்குல திருப்பி எழுத முடியாதுங்கம்மா. புது டிஸ்க்கு எடுத்து ஒவ்வொண்ணா காப்பி போடோணும். லேபிளும் புதுசா அடிச்சு ஒட்டோணும். பொழுது போயிருமுங்க.”

“போவட்டும். லேபிளை நான் ஒட்டித் தாரேன்.”

சொன்னதோடு நிற்காமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லை. சந்தோஷ்குமார் முழு உருவமும் தெரிகிற பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தான்.

“பாட்டாச்சும் இருக்கட்டுங்களா?”

“அது இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.”

இப்படி ஒருத்தியை அவன் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் பாட்டுக்காக அவனிடம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

முதல் டிஸ்க் எழுதி வெளியே வந்தது. பொன்னம்மாள் ஒட்டிய லேபிள் ஓரத்தில் சுருங்கிக் கோணலாகிப் போனது. “நடு ஓட்டையைப் பார்த்து வெச்சு, உள்ளங்கையால அமுக்குங்க” என்றான். அடுத்தது பரவாயில்லை. அதற்கடுத்தது அவன் ஒட்டியது போலவே இருந்தது. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அவனுடைய கோபமும் போன இடம் தெரியவில்லை.

எழுதிய டிஸ்க் ஒன்றைச் சரிபார்ப்பதற்காக டிவியில் ஓடவிட்டான். வேப்பமரத்தடியில் ராதிகா தலை முதல் கால் வரை தெரிந்தாள். கைகளும் முழுசாகத் தெரிந்தன. லேபிள் ஒட்டும் சத்தம் நின்றுபோனதைக் கவனித்துத் திரும்பினான்.

பொன்னம்மாள் டிவியைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் தூக்கி, மரவள்ளி தோண்டித் தோண்டிக் காய்ப்பேறிய விரல்களை ராதிகாவைப் போலவே மடக்கவும் விரிக்கவும் முயன்றுகொண்டிருந்தாள். ஒரு விரல் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. அதை மற்றொரு கையால் பிடித்து மடக்கினாள்.

“என்னங்கம்மா, இந்த வயசுல நீங்களும் ஆடக் கத்துக்கறீங்களா?”

அவள் வெட்கப்பட்டுக் கைகளை இறக்கினாள்.

“இது ஆட்டமில்ல சாமி. ஊடு ஊடாப் போயி நானே சொல்லோணுமுன்னுதான் அந்தண்ணன் முன்னால இதப் பத்தி வாயத் தொறக்கல.” டிவியில் சிரித்துக்கொண்டிருந்த ராதிகாவைப் பெருமையோடு பார்த்தாள். “எம் மருமவளுக்குக் காது கேக்காது, பேச்சு வராது. அவ பேசறதெல்லாம் கையிலதான். கல்யாணம் முடிஞ்சு அவ எங்க ஊருல வந்து எறங்கறப்ப, ஊருச்சனம் மொத்தமும் அவ பேச்சுலயே ‘வா கண்ணு’ன்னு கூப்புடோணும்.”