பென் டிரைவில் வராத படம்

"மனுசன் கையில குடுக்கிறதை வாங்கி, சிரிச்சுச் சிரிச்சுச் சமைச்சுப் போடுறாள். சரியான மோட்டுப் பொம்பிளை!"

பஹ்மியா இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கையில்தான் லோஜனா கையைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். பேச்சு பட்டென்று நின்றது. கஜந்தினி தன் சோற்றுப் பார்சலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"என்ன படமடி அது?" என்று கேட்டபடி லோஜனா தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நடுவில் தள்ளினாள். அவளுடைய மீன்தலைக் குழம்புக்கு அந்த மேசையில் தினமும் அடிபிடிதான். இன்றைக்கு ஒரு கையும் நீளவில்லை.

படமா என்று அவள் கேட்டதில் பிழையில்லை. துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் அந்த நண்டுக் கொம்பனியில் ஐந்து வருடமாக மூவரும் ஒரே மேசை. கை நண்டுச் சதையைப் பிரிக்கும், வாய் படத்தைப் பிரிக்கும். ஐம்பது பேரை அடித்தும் பொத்தான் கழலாத கதாநாயகன், பேயை விட அதிகமாய்ப் பயமுறுத்திய கதாநாயகியின் மேக்கப் என்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார்கள்.

"ஓம், படம்தான்," என்றாள் கஜந்தினி நிமிராமலே. "நேற்றுப் பாத்தனாங்கள்."

லோஜனாவுக்குச் சுருக்கென்றது. ஒருத்திக்குப் படம் கிடைத்தால் பென் டிரைவில் மற்ற இருவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம். இந்த ஐந்து வருடத்தில் அதை ஒருத்தியும் மீறியதில்லை.

"ரெண்டு பேரும் பாத்திட்டு எனக்குத் தரேல்லையோ?"

"பென்னில இல்ல புள்ள," என்று பஹ்மியா தடுமாறினாள். "ரீவியில போனது."

"அப்ப கதையையாவது சொல்லு."

பஹ்மியா கஜந்தினியைப் பார்த்தாள். பிறகு விருப்பமில்லாமல் தொடங்கினாள். "ஒருத்தன், வேலை எண்டு சொல்லிப்போட்டு வேற ஒருத்தியிட வீட்டுக்குப் போறான். பொஞ்சாதிக்கு ஒண்டும் தெரியாது."

"இதென்ன கதை! ஒரே வீட்டில இருக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமோ? டைரக்டருக்குத்தான் மூளை இல்லை."

"அப்பிடியும் இருக்காங்க புள்ள. மீன் வாங்கினாலும் பாரேன், முழுசா வாங்கி வெட்டுவிச்சு, நடுத்துண்டை அவளுக்குக் குடுத்திட்டு, வீட்டுக்கு…"

மேசைக்கடியில் கஜந்தினியின் கால் பஹ்மியாவின் காலை மிதித்தது. பஹ்மியா வாயை மூடிக்கொண்டாள்.

"வீட்டுக்கு?"

"மறந்து போச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறாளுகள் என்று லோஜனாவுக்கு விளங்கியது. கூடப்பிறந்தவர்களாய் நினைத்தவர்கள் துரோகம் செய்துவிட்டார்கள், கேவலம் ஒரு படத்துக்காக! பின்னேரம் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நண்டுக் கோது குத்தி விரலில் இரத்தம் வந்தபோது பஹ்மியா நீட்டிய துணியையும் வாங்கவில்லை.

வேலை முடிந்து வாசலில் கஜந்தினி அவள் கையைப் பிடித்தாள். "லோஜனா, அந்தப் படத்தைத் தேடாத. அது கூடாத படம்."

"கூடாததோ நல்லதோ, நான் பாத்திட்டுச் சொல்லுறன்," என்று கையை உதறிவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் பௌர்ணமி, போயா விடுமுறை. அவளுடைய கணவன் கிருஷாந்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். கப்பல் வந்தால் வீடு வாசல் நினைவில்லை. ஆறு மாதமாய் அவளோடு உட்கார்ந்து ஒரு படம் முழுதாய்ப் பார்த்ததில்லை. நாளைக்காவது பக்கத்தில் இருப்பான் என்று அவள் ஒரு கிழமையாய் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் அவன் ஆறு மணிக்கு வந்து மீன் பையைக் குசினி வாசலில் நின்ற அவளிடம் கொடுத்துவிட்டு, கதிரையில் சாய்ந்து போனை எடுத்தான்.

"நாளைக்கு ஒரு படம் ஒண்டாப் பாப்பம் எண்டு சொன்னனீங்கள்."

"கப்பல் ஒண்டு வருது…" என்று இழுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தான். "சரி, பாப்பம். என்ன படம் சொல்லும், தேடுறன்."

லோஜனாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மத்தியானத்திலிருந்து இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"பேர் தெரியாது. கதையைச் சொல்லுறன், தேடுங்கோ." குசினித் தொட்டியில் சட்டியை வைத்தபடி உற்சாகமாய்த் தொடங்கினாள். "ஒருத்தன் வேலை எண்டு சொல்லிப்போட்டு வேற ஒருத்தியிட வீட்டுக்குப் போறானாம். பொஞ்சாதி சரியான மோட்டுப் பொம்பிளையாம், ஒண்டும் தெரியாதாம். என்னெண்டு நம்புறது? பஹ்மியாக்கள் பாத்திட்டு என்னட்டை மறைக்கிறாளுகள்."

கிருஷாந்த் போனுக்குள் குனிந்தான். தேடுகிறான் என்று நினைத்து அவள் பையைப் பிரித்தாள்.

"மீன் வாங்கினாலும் நடுத்துண்டை அவளுக்குக் குடுத்திட்டு, வீட்டுக்கு…"

பையைச் சட்டிக்குள் கவிழ்த்தாள். பெரிய பாரைத் தலை ஒன்று விழுந்தது. அதன் பின்னால் வால் விழுந்தது. வேறொன்றும் விழவில்லை.

லோஜனா வெறும் பையைப் பிடித்தபடி மெதுவாய்த் திரும்பினாள். கிருஷாந்த் கதிரையை விட்டு எழுந்து நின்றான். அவன் என்ன படம் என்று கேட்கவில்லை.

"உமக்கு ஆர் சொன்னது?"